அஞ்சலை அல்லூரில் உட்கார்ந்த ஞாயிறு

மலேசிய மண்ணில் நான் கற்றுக்கொண்ட முதல் சொல் ‘பஞ்சிட்’. விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு வந்த லோரி, அலோர் காஜா வருவதற்குள் பெரிய சத்தத்தோடு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. ஓட்டி வந்த மாரிமுத்து இறங்கிப் பார்த்துவிட்டு, “பஞ்சிட்லா அக்கா” என்றார். டயரில் காற்று இல்லை. கூடவே கொண்டு வந்த மாற்று டயரிலும் காற்று இல்லை.

மாரிமுத்து என் தங்கை அஞ்சலையின் கணவர். அஞ்சலை கூடப் பிறந்தவள் இல்லை, சித்தி மகள். சித்தி கல்யாணமாகி மலேயா போனவர், திரும்பி வரவேயில்லை. அஞ்சலை அங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டுகிறவளானாள். அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக இரண்டு பேரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்க் குழம்பு உசத்தியா அவர்கள் ஊர்க் குழம்பு உசத்தியா என்பதில் தொடங்கி, பெண்பிள்ளைக்கு எத்தனை வயதில் கல்யாணம் செய்யலாம் என்பது வரைக்கும் அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு மறுப்பு இருக்கும். மேற்பார்வை பார்க்கும் மண்டோரை ஆளெடுப்புக் களத்தில் எல்லார் முன்னாலும் வாயடைக்க வைத்ததை நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள்.

அந்தக் கையெழுத்து திடீரென்று நின்றது. பிறகு மாரிமுத்துவிடமிருந்து சின்னதாய் ஒரு கடிதம். ‘அஞ்சலைக்கு மூளைக்காய்ச்சல். கொசு கடிச்சு வந்ததுன்னு டாக்டர் சொல்றாங்க. உயிர் பொழச்சிட்டா. பேச்சு இல்லை, வலது கை கால் இழுத்துக்கிச்சு. இந்த நோயை நீங்க உங்க ஆஸ்பத்திரியில பாத்திருக்கறதா அவ சொல்லியிருக்கா. ஒரு தடவ வாங்க அக்கா.’

பார்த்திருக்கிறேன். விருத்தாசலம் பக்கத்தில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவளுக்கு அந்தக் காய்ச்சலைத் தெரியாமல் இருக்க முடியாது. ஐப்பசி மழை விட்டு, வயலில் தண்ணீர் நின்று, அந்திக் கொசு கிளம்பியதும் வந்துவிடுவார்கள். முந்தாநாள் வரை ஓடி விளையாடிய பிள்ளை, கண் மேலே சொருகி, உடம்பு வில்லாய் வளைந்து, தாயின் தோளில் தொங்கும். எத்தனை பிள்ளைகளின் கண்களை மூடியிருக்கிறேன் என்று நான் எண்ணிவைத்ததில்லை. ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சாலையோரத்தில் மூங்கிலில் அடைத்துச் சுட்ட சோறு விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெண்மணி எங்களைக் கூப்பிட்டு நிழலில் உட்காரவைத்தார். தேங்காய்ப்பால் ஊறிய சோறு, இளஞ்சூடாக, வாழையிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மகன் மோட்டார் சைக்கிளில் மாற்று டயரைக் கட்டிக்கொண்டு போய்க் காற்று பிடித்து வந்தார். எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் லோரி நின்றால் கூட்டம் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லும். இங்கே யாரும் யோசனை சொல்லவில்லை, வேலை நடந்தது. வழியெல்லாம் புதுவீட்டு மனைகளின் விளம்பரப் பலகைகள். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரங்கள் பாதி எழும்பி நின்ற வருடம் அது. நாடு முழுக்க மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்து லயத்தில் ஒரே மாதிரியான பலகை வீடுகள் இரண்டு வரிசை. மாரிமுத்துவின் வீடு கடைசி. நான் இறங்கியபோது பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், சிரித்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை.

அஞ்சலை சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த நோய் முகத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முகம் மெழுகில் செய்தது போல அசையாமல் இருந்தது. இமைகூட அரிதாகத்தான் கொட்டியது. வலது கை மார்போடு மடங்கி விரல்கள் இறுகியிருந்தன. வாயோரத்தில் எச்சில். ஆனால் கண் இருக்கிறதே, அது என்னைத் தலை முதல் கால் வரை அளந்தது. என் சேலையில் வந்து நின்றது, அங்கேயே தங்கியது.

“சேல பிடிக்கலியா?” என்று கேட்டேன்.

அவள் இடது கையைத் தூக்கி ‘சுமார்’ என்பதுபோல் ஆட்டினாள். அவள் மகள் தேவி, பதினேழு வயசு, கதவருகே நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “பெரியம்மா, அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கலன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.”

“எல்லாம் வெளங்குது. ஒடம்புதான் சொன்ன பேச்சக் கேக்கல.”

மறுநாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்தேன். தேவி காலை டீயை ஊட்டினாள். இரண்டு வாய் போவதற்குள் புரையேறி அஞ்சலை நீலம் பாய்ந்தாள். தண்ணீரும் டீயும் இந்த மாதிரி ஆட்களுக்கு ஆகாது. தொண்டை சோம்பிப் போயிருக்கும்போது அவை ஓடி மூச்சுக்குழாயில் விழும். கெட்டியாய், வழுக்கிக்கொண்டு போகிற ஆகாரம் வேண்டும். என்ன கிடைக்கும் என்று கேட்டேன். தேவி ஜவ்வரிசியைக் கஞ்சியாய்க் காய்ச்சி, தேங்காய்ப்பாலும் மலாக்காவின் கறுப்புப் பனைவெல்லமும் ஊற்றிக் கொண்டுவந்தாள். அந்தப் பக்கத்தில் அது விருந்தில் போடுகிற இனிப்பாம். நான் ஒரு வாய் தின்று பார்த்தேன். ஆஸ்பத்திரி உணவுக்கு இவ்வளவு ருசி இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“தாடையக் கழுத்தோட ஒட்டி முழுங்கு அஞ்சல. அவசரமில்ல.” ஒரு கிண்ணம் உள்ளே போனது. புரையேறவில்லை. இரண்டாவது கிண்ணத்துக்குக் கரண்டியை அவள் இடது கையில் கொடுத்தேன். பாதி மடியில் விழுந்தது. மீதியை அவளே தின்றாள்.

பக்கத்து வீட்டு முனியம்மா, அஞ்சலையோடு ஒரே காட்டில் பால் வெட்டியவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னேன். “வேணாங்க்கா. வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு. ஒட்டிக்கும்ங்கறாங்க” என்றாள். அஞ்சலையின் கிண்ணத்தை வாங்கி, அவள் கரண்டியாலேயே அடியில் கிடந்ததை வழித்துத் தின்றேன். முனியம்மாவைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

“இது மனுசங்கிட்டேர்ந்து மனுசனுக்கு வராது. கொசு கடிச்சாத்தான் வரும். அந்தக் கொசு எங்கேர்ந்து வருதுன்னு மட்டும் சொல்லு.”

அவள் லயத்துக்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

போய்ப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு வேலை குறுக்கே வந்தது. நாலாம் நாள் காலை ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. மாரிமுத்துவின் அக்கா கமலா, ஆயர் குரோவில் வரிசை வீட்டில் இருப்பவர், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு பை நிறைய ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, கூடவே ஒரு விண்ணப்பப் பாரம். நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் இடம் கேட்கும் பாரம் அது.

“நான் கெட்டவ இல்லக்கா” என்றுதான் ஆரம்பித்தார். “ஆறு வாரமா தெனமும் வேல முடிஞ்சு வந்து இவளக் கழுவி விட்டேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு. தேவிக்கு இது ஸ்கூல்ல கடைசி வருசம், அஞ்சாம் பாரம், பெரிய பரீட்ச. அவ ஸ்கூலுக்கு லீவு போட்டுப் போட்டு வாத்தியார் கூப்ட்டு அனுப்பிட்டாரு. ஒண்ணு இவ ஹோமுக்குப் போவணும், இல்லாட்டி அவ ஸ்கூல நிறுத்தணும். நீங்களே சொல்லுங்க, வேற வழி இருக்கா?”

மாரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவி “நான் ஸ்கூல நிறுத்திக்கறேன்” என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அஞ்சலையின் இடது கை நீண்டது. பாரத்தைப் பிடுங்கினாள். கிழிக்க ஒற்றைக் கையால் முடியவில்லை. ஒரு கணம் யோசித்தாள். பிறகு நாற்காலியில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, அதைத் தன் அடியில் திணித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமலா அழுதார். அழுதுகொண்டே அவரும் சிரித்தார். “பாத்தீங்களா, இன்னும் அதே திமிரு” என்றார்.

“நான் இங்க இருக்கற வரைக்கும் டைம் குடுங்க” என்றேன். “அவளா சாப்பிட்டு, அவளா கக்கூஸ் போயிட்டு வந்து, வீட்ல தனியா இருக்கற அளவுக்கு வந்துட்டா ஹோம் வேணாம். முடியலன்னா நானே கையெழுத்துப் போடறேன்.” அப்படிச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளைகளில் பலர் போனபடியேதான் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வார்டில் யாரும் பாரத்தின் மேல் உட்கார்ந்ததில்லை.

அன்று பிற்பகலே லயத்தின் பின்பக்கம் போனேன். தோட்டத்தில் பாதியை ஒரு வீட்டுமனைக் கம்பெனி வாங்கி மண் கொட்டி உயர்த்தியிருந்தது. லயத்துத் தண்ணீரும் சதுப்புத் தண்ணீரும் வடிந்து ஆற்றுக்குப் போக ஒரு வாய்க்கால் இருந்திருக்கிறது. அங்கே அதை அல்லூர் என்கிறார்கள். கொட்டிய மண் அந்த அல்லூரை மூடிவிட்டது. தண்ணீர் போக இடமில்லாமல் லயத்துக்குப் பின்னால் ஒரு குளமாகவே நின்றது. கோரை முளைத்து, கொக்குகள் இறங்கி, அக்கரைச் சரிவில் ஒரு சீனரின் பன்றிக் கொட்டகை. எனக்கு ஊருக்கே திரும்பி வந்துவிட்டதுபோல் இருந்தது. இந்தக் காய்ச்சலுக்கு வேண்டிய தண்ணீர், கொக்கு, பன்றி எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. அஞ்சலை விடியுமுன் கத்தியை எடுத்துக்கொண்டு தினமும் நடந்த பாதை அதன் கரையோரம்தான் போனது.

ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீரை மொண்டேன். புழுக்கள் தலைகீழாகச் சாய்ந்து தொங்கின, நிழல் விழுந்ததும் நெளிந்து அடியில் போயின.

“பன்னிங்களக் கொளுத்தணும்னு ஆம்பளைங்க பேசிக்கிறாங்க” என்றாள் கூட வந்த முனியம்மா.

“பன்னி என்ன பண்ணும்? கொசு இல்லன்னா அதோட ஒடம்புல இருக்கறது அதோடயே போவும். தண்ணிய வடிச்சு விடுங்க.”

மறுநாள் கம்பெனி அலுவலகத்தைத் தேடி அலோர் காஜாவுக்குப் புறப்பட்டேன். தேவியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முனியம்மாவை அஞ்சலைக்குக் காவல் வைத்தேன். முதல்முறையாக அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். தனியாகப் பேருந்து ஏறினேன். அங்கேதான் தவறு. முக்கால் மணி நேரம் கழித்து நடத்துநர் இறங்கச் சொன்ன இடம் மஸ்ஜித் தானா என்கிற வேறு ஊர். கடைப் பலகைகளில் எனக்குப் புரிகிற சொல் ஒன்றுகூட இல்லை.

பசி. ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்து மீனைக் காட்டினேன். செக்கச் சிவந்த புளிக்குழம்பு வந்தது. எங்கள் மீன்குழம்புக்குத் தங்கை என்று நினைத்து வாயில் வைத்தேன். தங்கை இல்லை, மாமியார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைக்கார அம்மா ஓடிவந்து வெள்ளரிக்காய் கொடுத்தார். எங்கே போகணும் என்று சைகையில் கேட்டார். நான் கையில் கொசு கடிப்பதுபோல் அபிநயம் பிடித்து, தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து காட்டினேன். எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து அவர் பதறிவிட்டார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தபால்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. அவர் எடுத்துச் சொன்னதும் அந்த அம்மா “ஞாமோக்” என்று சொல்லிப் பல்லைக் கடித்தார். கொசுவுக்கு அவர்கள் சொல். தன் அண்ணன் மகளுக்கு டெங்கு வந்து குணமானதாகச் சொன்னாராம். என்னைச் சரியான பேருந்தில் ஏற்றி, நடத்துநரிடம் ஏதோ கண்டிப்பாய்ச் சொன்னார். “இந்த அம்மாவ எறக்கி விடாம வந்தா உனக்கு என் கடையில சோறு கெடையாது” என்றாராம். தபால்காரர் ஜன்னல் வழியாகச் சொல்லிச் சிரித்தார்.

அலோர் காஜாவில் கடைவீதி மாடியில் அலுவலகம். குளிர்சாதனம் பற்களைக் கிட்ட வைத்தது. மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தமிழ் இளைஞர். மரியாதையாகத்தான் கேட்டார்.

“சுகாதார ஆளுங்க வந்து புகை அடிச்சிட்டுப் போயிட்டாங்களே ஆன்ட்டி. அப்புறம் என்ன? ஊர் சுத்திப் பாக்க வந்தீங்க. மலாக்கா கோட்டையப் பாருங்க, செண்டோல் குடிங்க, சந்தோசமா ஊருக்குப் போங்க.”

“செண்டோல் வர்ற வழியில குடிச்சிட்டேன் தம்பி. நல்லா இருந்துச்சு. வாய்க்கால எப்ப தொறக்கறீங்க?”

“அதுக்கு மேல எடத்துல பிளான் மாத்தணும்.”

“புகை அடிச்சா பறக்கற கொசு சாவும். தண்ணியில இருக்கற புழு சாவாது. ஒரு வாரத்துல அது பறக்கும். என் தங்கச்சி பேச முடியாம உக்காந்திருக்கா. அடுத்தது ஏதாவது ஒரு புள்ளயா இருக்கும்.”

அவர் முகம் மாறியது. ஆனால் பதில் மாறவில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். படி இறங்கும்போது எனக்கு வந்த கோபத்தில் சரியான பேருந்தைத் தவறவிடவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மாரிமுத்துவுக்குப் பயம். “அக்கா, வூடு தோட்டத்தோடது. மீதி நெலத்தையும் அவனுங்கதான் வாங்கப் போறானுங்கன்னு பேச்சு. வம்பு பண்ணா எங்கள மொதல்ல காலி பண்ணச் சொல்லுவானுங்க.” அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் விடுப்பு முடிந்ததும் போய்விடுவேன், அவர்கள்தான் அங்கே இருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். அஞ்சலை மூடவில்லை. கரண்டியால் தட்டில் அடித்தாள். டண், டண், டண். மாரிமுத்து நிமிர்ந்து பார்க்கும் வரை அடித்தாள். பிறகு பின்பக்கம் கையைக் காட்டினாள், மண் வெட்டுவதுபோல் இடது கையை வீசினாள்.

“அடியேய், நான் வர்றேன்” என்றது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனியம்மாவின் குரல். “நாலு மம்பட்டி இருக்கு எங்கிட்ட.”

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு பெண்கள் வந்தார்கள். ஒன்பதாவதாக நான். எங்கள் ஊரில் களை வெட்டிய கைதான், ஆனால் இருபது வருடம் ஊசி பிடித்ததில் மெத்தென்று ஆகியிருந்தது. அரை மணியில் கொப்புளம். அவர்களோ பேசிக்கொண்டே, ஆளுக்கொரு சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் மண்மேட்டின் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குப் பிளவு விழுந்தது. முதலில் தண்ணீர் தயங்கியது. பிறகு பழைய வழி நினைவு வந்ததுபோல் குபுகுபுவென்று இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். தேவி எல்லோருக்கும் ஐஸ் போட்ட மைலோ கொண்டுவந்தாள்.

வீட்டுமனைக் கம்பெனியின் மேற்பார்வையாளர் தனபாலன் அப்போதுதான் வந்தார். முப்பது வயசு இருக்கும், மஞ்சள் தொப்பி. “யாரக் கேட்டுத் தோண்டுனீங்க?”

“யாரக் கேட்டு மூடுன?” என்றாள் முனியம்மா.

அவருடைய பதில் திங்கட்கிழமை வந்தது. பெண்கள் வேலைக்காட்டில் இருந்த நேரத்தில் புல்டோசர் வந்து பிளவை மூடிவிட்டுப் போனது.

அந்த வாரம் முழுவதும் அஞ்சலைக்குப் பாடம். நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க, சுவரைப் பிடித்துக் குளியலறை வரை நடக்க, தாழ்ப்பாளை இடது கையால் திறக்க. கமலா வந்து காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே கைகால் பயிற்சி கொடுத்த பெண் பொறுமைசாலி. இறுகிய விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து, எனக்கும் தேவிக்கும் முறையைச் சொல்லித்தந்தார். அஞ்சலை வலியில் வியர்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நிறுத்தலாமா என்று கேட்டால் என்னை முறைத்தாள். இரண்டு முறை குளியலறை வாசலில் விழுந்தாள். இரண்டாம் முறை தூக்கப் போன என்னைக் காலால் உதைத்தாள். உதைத்தது வலது கால். அது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த ஞாயிறு பதினாறு பெண்கள். மூன்று ஆண்களும் வந்தார்கள், அதில் ஒருவர் மாரிமுத்து. அஞ்சலை தானும் வந்தே தீர்வேன் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டதால் அவளை நாற்காலியோடு தூக்கி வந்தார். பத்து மணிக்குள் வழி திறந்துவிட்டது. பத்தரைக்குப் புல்டோசரின் சத்தம் கேட்டது.

ஓட்டுபவர் இந்தோனேசியர். தனபாலன் முன்னால் நடந்து வந்தார். “எல்லாரும் வெலகுங்க. மூடச் சொல்லி உத்தரவு” என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பின்வாங்கினார்கள். இரும்புக் கத்தி மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அஞ்சலை மாரிமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தரையைக் காட்டினாள். அவர் தலையாட்டி மறுத்தார். அவள் எழுந்தாள். ஒரு கையால் நாற்காலியை இழுத்துக்கொண்டு, வலது காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, சரிவில் இறங்கினாள். முனியம்மா ஓடிப்போய் நாற்காலியை வாங்கித் திறந்த அல்லூருக்குள் போட்டாள். கணுக்கால் அளவு தண்ணீர். அஞ்சலை அதில் உட்கார்ந்தாள்.

ஒரு நர்ஸாக எனக்கு உயிர் போயிற்று. பயத்தில் வலிப்பு வந்தால்? வழுக்கி விழுந்தால்? நானும் தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

தனபாலன் கிட்டே வந்தார். “அம்மா, எழுந்திருங்க. மேல பட்டா நான் பொறுப்பில்ல.”

அஞ்சலையின் வாய் திறந்தது. தாடை நடுங்கியது. ஏதோ சத்தம் தொண்டையில் கிளம்பி, பாதியில் நின்று, மறுபடி கிளம்பியது. நான் வலிப்பு என்றே நினைத்தேன்.

“போ… டா.”

மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் சொல். தேவியின் கையிலிருந்த மண்வெட்டி தண்ணீரில் விழுந்தது. பிறகு முனியம்மா சிரித்தாள், அது வரிசையாய்ப் பரவியது. மாரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அஞ்சலைக்கு மறுபடி சொல்லிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. “போடா. போடா. போடா.” மெழுகு முகம் அசையவில்லை, கண் மட்டும் ஜொலித்தது.

புல்டோசர்காரர் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஏதோ சொன்னார். தேவி மொழிபெயர்த்தாள்: “இன்னிக்கி ஞாயித்துக்கெழம, எனக்கு லீவுங்கறாரு பெரியம்மா.”

தனபாலன் தொப்பியைக் கழற்றி மண்மேட்டில் உட்கார்ந்தார். வயசு இன்னும் குறைந்து தெரிந்தது. “நான் என்னங்க பண்றது? மேல இருக்கறவங்க, இந்தத் தண்ணி, புதுசா கட்டுற வூடுங்க பக்கம் வரக்கூடாதுங்கறாங்க.”

நான் கொட்டாங்கச்சியில் மொண்டு அவரிடம் நீட்டினேன். புழுக்கள் நெளிந்தன. “நீங்க எங்க தம்பி படுக்கறீங்க?”

குளத்துக்கு அக்கரையில் தகரக் கொட்டகைகளைக் காட்டினார். வேலையாட்கள் எல்லோரும் அங்கேதான்.

“அப்ப உங்களுக்குத்தான் இது இன்னும் கிட்ட. என் தங்கச்சி இந்தக் கரையோரமா நடந்து மட்டும் போனவ. நீங்க ராவெல்லாம் அங்க படுத்துக் கெடக்கறீங்க.”

அவர் தன் கையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் சொன்னதும் சொறிவதை நிறுத்திவிட்டு அந்த இடத்தைப் பார்த்தார். கழுத்து வரை தடிப்புகள். கொட்டாங்கச்சியைக் கீழே கொட்டாமல், பத்திரமாய் எடுத்துக்கொண்டு போனார்.

மேலிடத்தில் அதை யாருக்குக் காட்டினாரோ, என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. புதன்கிழமை ஒரு லோரி நிறையச் சிமெண்டுக் குழாய்கள் வந்து இறங்கின. அடுத்த இரண்டு நாளில் அவற்றை மண்ணுக்கடியில் பதித்து, அல்லூரை ஆற்றோடு சேர்த்தார்கள். குளம் வடிந்தது. அடிச்சேறு வெயிலில் வெடித்தது. கொக்குகள் வேறு இடம் பார்த்துப் போயின. சீனர் கொட்டகையிலிருந்து பன்றிகள் வழக்கம்போல் கத்தின. அவற்றைக் கொளுத்த வேண்டும் என்று பிறகு யாரும் பேசவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அஞ்சலையின் வலது கை பால் வெட்டும் கத்தியை இனிப் பிடிக்காது. அதை அவளிடமே சொன்னேன், மறைக்கவில்லை. பேச்சும் ஒரு சொல், இரண்டு சொல் என்றுதான் வந்தது, அதில் பாதி வசவு. சில நாள் காரணமில்லாமல் அழுதாள். தேவியின் பெயர் வாயில் வராமல் அவளைக் கையால் தட்டிக் கூப்பிட்டாள். ஆனால் கடைசி வாரம் மூன்று நாள் அவளைக் காலையிலிருந்து பகல் வரை தனியாக விட்டு, நானும் முனியம்மாவும் வேலிக்கு வெளியே ஒளிந்து நின்று பார்த்தோம். கஞ்சி குடித்தாள். குளியலறை போனாள். தாழ்ப்பாள் போட்டாள், திறந்தாள். தேவி அந்த மூன்று நாளும் ஒரு வகுப்பு விடாமல் பள்ளியில் இருந்தாள். கமலா வந்து பார்த்தார். அந்தப் பாரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. “வாரா வாரம் பயிற்சிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா காருல என்னத் திட்டக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். அஞ்சலை அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

நான் புறப்படும் நாள். விமான நிலையம் வரை தானும் வருவேன் என்று அஞ்சலை பிடிவாதம். சரி, தேவி உடுத்திவிடட்டும் என்றேன். அவள் எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆனது. உள்ளே எதுவோ விழுந்த சத்தம். தேவி கதவை நோக்கிப் போனாள், நான் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். இருபது நிமிடம். மாரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். “அக்கா, ஜாலான்ல ஜேம் இருக்கும், வண்டி நகராது.” அவர் எஞ்சினை நிறுத்தினார். லயத்துப் பெண்கள் வாசல்களில் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

கதவு திறந்தது. பூப்போட்ட சட்டையும் நீளப் பாவாடையும் போட்டுக்கொண்டு அஞ்சலை நின்றாள். வியர்த்து வழிந்தது. சட்டையின் ஆறு பொத்தான்களில் ஐந்தை ஒற்றைக் கையால் போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு துளை தள்ளிப் போயிருந்ததால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கழுத்தருகே ஒரு துளை காலியாய் நின்றது. தேவி அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள்.

அஞ்சலை அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, அப்படியே வந்து லோரியில் ஏறினாள்.